புது மென்பொருளுக்கு முன் பழைய பாக்கிப் பட்டியல்

கேள்வி: ஆடிட்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் என் மாமனாரும் அவருடைய தம்பிகள் இருவரும் பங்குதாரர்களாகச் சேர்ந்து சிமென்ட், கம்பி, டைல்ஸ், ஹார்டுவேர் கடை நடத்துகிறார்கள். தேவகோட்டையில் ஒரு கிளை, ஊருக்கு வெளியே ஒரு கிட்டங்கி. கல்யாணமாகி வந்ததிலிருந்து அலுவலகத்தை நான்தான் கவனிக்கிறேன். உள்ளூர்ப் பையன் ஒருவர் பதினைந்து வருடத்துக்கு முன் எழுதிக்கொடுத்த சாஃப்ட்வேரில்தான் இன்றும் கணக்கு ஓடுகிறது. அவர் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார். அது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான் வேலை செய்யும். ஜி.எஸ்.டி.க்குத் தனியாக எக்செல் போடுகிறோம், இ-இன்வாய்ஸை அரசுப் போர்ட்டலில் கையால் ஏற்றுகிறோம். வரும் ஏப்ரல் 1 முதல் புது மென்பொருளுக்கு மாறலாம் என்று நினைக்கிறோம். டீலர், "பழைய டேட்டா மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்துவிடுவோம்" என்கிறார். 28 வருடமாக இருக்கும் கணக்குப்பிள்ளை அண்ணனோ, "என் காலம் வரைக்கும் இதுவே ஓடும்" என்கிறார். மாமனார் இருவர் சொல்வதற்கும் தலையாட்டுகிறார். சொந்தக்காரர்கள் கடையில் போட்டிருக்கும் பணத்துக்குத் தமிழ் மாதக் கணக்கில் வட்டி போடுகிறோம். புது மென்பொருளில் அது வருமா? எதை வாங்குவது, எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எதை வாங்குவது என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், அதில் பெரிய சிக்கல் இல்லை. மூன்று இடத்தில் சரக்கு, கடனில் வாங்கும் கொத்தனார்கள், நாளைக்கே ஆள் மாறினாலும் உள்ளூரில் தெரிந்தவர் கிடைக்க வேண்டிய நிலை, இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு டேலி பிரைம் போதும். வேலைக்கு வரும் பி.காம். பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தெரியும், உங்கள் ஆடிட்டர் அலுவலகத்திலும் அதைத் திறந்து பார்ப்பார்கள். ஒரே கம்ப்யூட்டருக்கு சில்வர் உரிமம், கடைக்குள் பலரும் உட்கார்ந்து வேலை பார்க்க கோல்டு உரிமம். தேவகோட்டையும் அதே கணக்கில் நேரடியாகப் பில் போட வேண்டுமென்றால், ஜோஹோ புக்ஸ் மாதிரி இணையத்தில் ஓடுவதைப் பார்க்கலாம், அல்லது டேலியையே வாடகை சர்வரில் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் கிளையில் இணையம் நிலையாக இருக்க வேண்டும். ஒரு வாரம் அங்கே ஆளை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். மென்பொருள் சரியில்லாமல் மாற்றம் கெட்டுப்போன கடைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. தொடக்க இருப்பு சரியில்லாமல் கெட்டவைதான் அதிகம்.

டீலர் சொல்லும் "மொத்த டேட்டாவையும் மாற்றித் தருவோம்" என்ற வாக்கை நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். பதினைந்து வருடப் பதிவில் இரண்டு முறை ஏறிய பில்லும், பெயர் மாறிப் பதிந்த வரவும், யாரும் தொடாத சில்லறை வித்தியாசங்களும் கட்டாயம் இருக்கும். அத்தனையும் புதுக் கணக்குக்குள் வந்து குடியேறிவிடும், அப்புறம் எது பழைய பிழை, எது மாற்றும்போது வந்த பிழை என்று பிரிக்கவே முடியாது. ஏப்ரல் 1-க்குப் புதுப் புத்தகத்தில் ஏற வேண்டியவை சிலதான். ரொக்க இருப்பு, வங்கி இருப்பு, சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கி, தரவேண்டிய பாக்கி, பங்குதாரர் கணக்குகள், வாங்கிய கடன், ஜி.எஸ்.டி. கிரெடிட் (கொள்முதலில் கொடுத்து, கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை), நிலையான சொத்துகள். மற்றதெல்லாம் பழைய கம்ப்யூட்டரோடு இருக்கட்டும், அதை எப்படிப் பாதுகாப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் நகரத்தார் தொழில் நடத்திய காலத்தில், கடல் கடந்து போன முகவர் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்குக்குத்தான் போவார். கெடு முடிந்ததும் அடுத்தவர் வந்து பொறுப்பேற்பார். புதியவர் பழைய பேரேட்டை எல்லாம் திரும்ப எழுதிக்கொண்டிருக்கவில்லை. யார் எவ்வளவு தரவேண்டும், எந்தக் கடன் நல்லது, எது தேறாது என்பதைப் பழையவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டுதான் பெட்டிச் சாவியை வாங்க முடியும். மார்ச் 31 அன்று உங்கள் அலுவலகத்தில் நடக்க வேண்டியதும் அதேதான். ஒப்படைப்பவர் கணக்குப்பிள்ளை அண்ணன், பெற்றுக்கொள்பவர் நீங்கள். மென்பொருளை எழுதப் போகும் பேரேடாக மட்டும் பாருங்கள்.

இப்போது பாக்கிப் பட்டியலுக்கு வருவோம். ஒரு காண்ட்ராக்டர் மொத்தம் 3,40,000 ரூபாய் தரவேண்டும் என்றால் ஒரே தொகையாக ஏற்றிவிடாதீர்கள். எந்தெந்தப் பில், எந்தத் தேதி, ஒவ்வொன்றிலும் மீதி எவ்வளவு என்று பில் வாரியாக ஏற்றுங்கள், பழைய பில் எண்ணையும் பழைய தேதியையும் அப்படியே கொடுங்கள். மொத்தமாக ஏற்றினால் எல்லாப் பாக்கியும் ஏப்ரல் 1-ல் பிறந்ததுபோலக் காட்டும். இரண்டு வருடமாக இழுத்தடிப்பவரும் நேற்று வாங்கியவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

சப்ளையர் பக்கத்தில் இது இன்னும் முக்கியம். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தப் பில்லுக்கு எடுத்த ஜி.எஸ்.டி. கிரெடிட்டைத் திரும்பக் கட்ட வேண்டும். சப்ளையர் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். அதைத் தாண்டி மார்ச் 31-லும் பாக்கி நின்றால், அந்த வருடச் செலவாக வருமான வரித்துறை ஏற்காது, பணம் கொடுத்த வருடத்தில்தான் ஏற்கும். ஆத்தங்குடியில் கையால் தரைக்கல் (டைல்ஸ்) செய்யும் பட்டறைகள் பலவும் இந்த வகைக்குள் வரக்கூடியவை. அவர்களிடம் குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டு, பார்ட்டி விவரத்திலேயே குறித்து வையுங்கள். பழைய தேதி இல்லாமல் போனால் இந்த நாள் கணக்குகளை எந்த மென்பொருளாலும் போட முடியாது.

பட்டியலை எடுத்ததும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இருப்பு விவரம் அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள். பெரிய காண்ட்ராக்டர்களிடம் காகிதத்தில் கையெழுத்தும் தேதியும் வாங்குவது நல்லது. கணக்குச் சரியா என்று பார்ப்பதோடு இதில் இன்னொரு லாபமும் உண்டு. காலவரம்புச் சட்டப்படி சரக்குக் கடனுக்கு வழக்குப் போடும் உரிமை மூன்று வருடம்தான். அந்தக் கெடு முடிவதற்குள் கடன்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம் ஓடத் தொடங்கும். கெடு முடிந்தபின் வாங்கும் கையெழுத்துக்கு இந்தப் பலன் கிடையாது. ஆகவே இரண்டரை வருடப் பாக்கிகளிடம் முதலில் போங்கள்.

தேறாத பாக்கிகளை என்ன செய்வது? இறந்துபோனவர், ஊரை விட்டுப் போனவர், வீடு கட்டி முடித்துக் கிரகப்பிரவேசத்துக்கு உங்களையே கூப்பிட்டுவிட்டுப் பணம் மட்டும் தராதவர் என்று எல்லாக் கடையிலும் ஒரு பட்டியல் இருக்கும். அதை மாமனாரிடமும் சின்ன மாமனார்களிடமும் வைத்து, எதை வராக்கடனாக எழுதுவது என்று மார்ச் மாதத்துக்குள் முடிவு வாங்குங்கள். அந்த வருடப் புத்தகத்தில் எழுதிவிட்டால் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். கட்டிய ஜி.எஸ்.டி. மட்டும் திரும்பி வராது. மாமனாருக்கு மனசு கேட்காது என்பது தெரியும். புத்தகத்தில் எழுதியபின்னும் கேட்டு வாங்கலாம், வந்தால் அன்றைக்கு வருமானம் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பெயர் விஷயத்தில் உங்கள் வட்டாரத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. மெய்யப்பன், அழகப்பன், சொக்கலிங்கம், முத்தையா, நாச்சியப்பன், லெட்சுமணன் ஆகிய பெயர்களைத் தேடினால் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேர் வருவார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு பேர் இருப்பார்கள். கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு "பள்ளத்தூர் மெய்யப்பன்", "கண்டனூர் ரோட்டு மெய்யப்பன்", "சென்ட்ரிங் மெய்யப்பன்" என்று மனசிலேயே பிரிந்திருக்கும். புதிதாக வரும் பையனுக்கு எல்லாரும் மெய்யப்பன்தான், ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் கணக்கில் ஏறும். இதற்காகத்தான் அந்தக் காலத்து வட்டிக்கடைகள் தலைமுறைப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து விலாசம் வைத்துக்கொண்டன. நீங்களும் ஒரு முறையை வகுத்து, விலகாமல் பின்பற்றுங்கள். பெயர், அப்புறம் ஊர், அப்புறம் தொழில், கடைசியில் கைபேசியின் கடைசி நாலு எண்கள் என்று வைத்தால் குழப்பம் வராது. இங்கிலீஷில் பெயர் ஏற்றியிருந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டில் கணக்கு இருக்கும், அவற்றை இப்போதே ஒன்றாக்குங்கள். பழைய சாஃப்ட்வேரில் தமிழிலேயே பெயர் இருந்தாலும் நிம்மதியடைய வேண்டாம். அந்தக் காலத்து எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல. நகலெடுத்துப் புதிதில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். சில பெயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, மாற்றுக் கருவி சரியாக வேலை செய்கிறதா, இல்லை திரும்ப அடிப்பதுதான் வழியா என்று முடிவு செய்யுங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்களின் எண்ணைப் போர்ட்டலில் ஒரு முறை சரிபாருங்கள். பதினைந்து எழுத்தில் முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவர்களுடைய பான் எண். பதிவு ரத்தானவர்கள் சிலர் எப்படியும் கிடைப்பார்கள்.

சரக்குப் பட்டியலில் உங்கள் வியாபாரத்துக்கு அளவுதான் பெரிய வில்லங்கம். கம்பி மில்லிலிருந்து எடையில் வருகிறது, கொத்தனார் லென்த் கணக்கில் கேட்கிறார். எம்.எம். விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும் கணக்கு உங்கள் கடைப் பையன்களுக்கே தெரிந்திருக்கும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ, 12 மீட்டர் லென்த்துக்குச் சுமார் 10.67 கிலோ. மென்பொருளில் இந்த விகிதத்தைக் கொடுத்து இரண்டு அளவையும் இணைத்துவிடுவார்கள். ஆனால் உண்மைக் கம்பி இந்தக் கணக்குக்கு அப்படியே கட்டுப்படாது, கொஞ்சம் கூடும் குறையும். நூறு லென்த்துக்கு 1,067 கிலோ என்று மென்பொருள் கழிக்கும்போது எடைமேடையில் 1,040 வந்தால், 27 கிலோ புத்தகத்தில் இல்லாமலே கிட்டங்கியில் கூடுதலாக நிற்கும். மாதம் பத்து லோடு போனால் வருடக் கடைசியில் யாரைச் சந்தேகப்படுவது? ஆகவே கம்பிக்கு எடையையே முதல் அளவாக வைத்து, லென்த் எண்ணிக்கையைப் பில்லில் கூடுதல் தகவலாக எழுதச் சொல்லுங்கள். நிலையான விகிதம் வேண்டாம், ஒவ்வொரு பில்லிலும் உண்மை எடையை அடிக்க வேண்டும். டேலியில் இதற்கு வழி இருக்கிறது, டீலரை அவர் கையாலேயே செய்து காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. 8 அங்குலக் கல் சதுர அடிக்கு 2.25, 10 அங்குலக் கல் 1.44 என்று விகிதம் மாறாது. உடைசலுக்கு மட்டும் தனிக் கணக்கு வைத்து, வாரம் ஒரு முறை பதியுங்கள். சிமென்ட் மூட்டை 50 கிலோ, இருபது மூட்டை ஒரு டன், அதில் பேச ஒன்றுமில்லை.

வரி விகிதத்தை ஏற்றும்போது தேதியோடு ஏற்றச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று சிமென்ட்டுக்கு 28 சதவீதம் 18 ஆனது. அதற்கு முன் விற்ற மூட்டை பின்னால் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் விற்ற அன்றைய விகிதம்தான் போட வேண்டும். தேதி இல்லாமல் 18 என்று மட்டும் ஏற்றிவிட்டால் பழைய பில்லை ஒட்டி வரும் ஒவ்வொன்றும் தப்பாகும். சரக்கின் வகையைக் காட்டும் ஹெச்.எஸ்.என். குறியீடு, விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டியிருந்தால் உங்களுக்கு ஆறு இலக்கம்.

இதையெல்லாம் எப்போது செய்வது? பொங்கல் முடிந்த கையோடு பெயர்ப் பட்டியலைத் தொடங்குங்கள். பிப்ரவரியில் ஒரு ஒத்திகை வையுங்கள். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். புது மென்பொருளில் சோதனைக்கென்று ஒரு கம்பெனியைத் திறந்து, ஜனவரி மாதத்து உண்மையான பில்கள் அத்தனையையும் அதில் போடுங்கள். கொள்முதல், விற்பனை, வரவு, செலவு, கிரெடிட் நோட்டு எதையும் விட வேண்டாம். முடித்ததும் அது தயாரிக்கும் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற மாத விற்பனை ரிட்டர்னை, நீங்கள் ஏற்கெனவே பிப்ரவரி 11-க்குள் தாக்கல் செய்துவிட்ட ஜனவரிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்ப்பதால் எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கேதான் அமைப்பில் கோளாறு. டீலர் காட்டும் மாதிரிக் கம்பெனியில் எல்லாம் அழகாகத்தான் ஓடும். பாதிப் பணம் வங்கியில், மீதி ரொக்கமாக, நடுவில் இரண்டு மூட்டை திரும்பி வந்து, லாரி வாடகையைக் கழித்துக்கொண்ட பில் உங்கள் ஜனவரியில்தான் இருக்கும்.

மார்ச்சில் ஆட்கள் கிடைப்பது சிரமம் என்பதையும் கணக்கில் வையுங்கள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழா அந்தச் சமயத்தில்தான். உங்கள் கடையிலும் பால்குடம் எடுப்பவர்கள் இருப்பார்கள், விரதத்தில் இருப்பவரைக் கிட்டங்கியில் மூட்டை எண்ண அனுப்ப முடியாது. சரக்கு எண்ணுவதற்கு ஆட்களை முன்பே பேசிவையுங்கள். எண்ணுபவர் கையில் புத்தக இருப்பைக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அந்த எண்ணையே திருப்பி எழுதிவருவார்.

ஏப்ரல் 1 முதல் பில் புது மென்பொருளில் மட்டும்தான் போட வேண்டும். பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது, பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும். காரைக்குடிக்கு ஒரு முன்னெழுத்து, தேவகோட்டைக்கு வேறு ஒன்று என்று இரண்டு வரிசை வைக்கலாம், தடையில்லை. இ-இன்வாய்ஸில் கவனம். உங்கள் ஜி.எஸ்.டி. எண், ஆவண வகை, பில் எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்துதான் இ-இன்வாய்ஸுக்குப் போர்ட்டல் தரும் பதிவெண் உருவாகிறது. அதே பில்லைப் பழைய பழக்கத்தில் போர்ட்டலில் ஒருவரும் புது மென்பொருளில் இன்னொருவரும் ஏற்றினால் இரண்டாவதை ஏற்காமல் திருப்பி அனுப்பும். முதலில் ஏற்றியது தப்பென்றால் ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம், அதற்கப்புறம் கிரெடிட் நோட்டுதான். சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில்லுக்குத் தமிழ்நாட்டுக்குள் வரம்பு ஒரு லட்சம் ரூபாய், வெளி மாநிலத்துக்கு 50,000.

பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்ட வேண்டுமா என்றால், ஏப்ரல் ஒரு மாதம் மட்டும். மூன்று மாதம் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு புத்தகத்தையும் மூன்று மாதம் ஒழுங்காக எழுதும் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை, இரண்டாவது மாதமே ஒன்று பின்தங்கிவிடும். ஏப்ரலில் கணக்குப்பிள்ளை அண்ணன் பழையதில் ரொக்கச் சிட்டையும் பார்ட்டி பேரேடும் மட்டும் எழுதட்டும். தினமும் கடை அடைக்கும் முன் ரொக்க இருப்பு, வங்கி இருப்பு, அன்றைய விற்பனை மொத்தம், ஏதாவது ஐந்து பார்ட்டிகளின் பாக்கி என்று இவற்றை இரண்டிலும் ஒத்துப் பாருங்கள். வித்தியாசத்தை அன்றைக்கே கண்டுபிடிக்க வேண்டும், நாளைக்குத் தள்ளினால் அதன்மேல் நாளைய வித்தியாசம் வந்து உட்காரும்.

இனி வட்டி. "நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி" என்று பேசித்தான் பணம் போட்டிருப்பார்கள், அதாவது வருடத்துக்கு 12 சதவீதம். தமிழ் மாதக் கணக்கில் மாதம் பிறந்தால் முழு வட்டி. ஆனி 32 நாள் வரும், மார்கழி 29-லும் முடியும், வட்டி மாறுவதில்லை. மென்பொருளோ நாள் கணக்கில் 365-ஆல் வகுத்துப் போடும். இரண்டுக்கும் வித்தியாசம் சில ரூபாய்தான், ஆனால் அந்தச் சில ரூபாயைத்தான் அத்தை வீட்டில் முதலில் கேட்பார்கள். மென்பொருளைத் தமிழ் மாதத்துக்கு வளைக்க டீலருக்குக் காசு கொடுக்காதீர்கள். வட்டியை இப்போதுபோல வெளியில் போட்டு, மாதம் ஒரு ஜர்னல் பதிவாக ஏற்றிவிடுங்கள். முடிந்தால் வரும் ஏப்ரலிலிருந்து இங்கிலீஷ் தேதிக்கு மாறுவதாக எல்லாரிடமும் பேசி ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். காரணம், மார்ச் 31 என்பது பங்குனி 17 வாக்கில் வரும். மாதத்தின் நடுவில் வட்டியை வெட்டி, வருடக் கணக்கில் வைத்து, டி.டி.எஸ்.ஸும் (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்தாக வேண்டும்.

உறவினருக்குத் தரும் வட்டி ஆண்டுக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். பங்குதாரருக்குக் கடை தரும் சம்பளம், வட்டி எல்லாம் சேர்ந்து 20,000 ரூபாயைத் தாண்டினாலும் 2025 ஏப்ரல் 1 முதல் 10 சதவீதம் உண்டு. பல குடும்பக் கடைகளில் இது இன்னும் காதில் விழவில்லை. பங்குதாரர் மூலதனத்துக்கு வட்டி 12 சதவீதம் வரைதான் செலவாக ஏற்பார்கள், அதுவும் கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருந்தால். பத்திரத்தை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். புதிதாக யார் பணம் போட வந்தாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வங்கி வழியாகத்தான்.

இந்தக் கணக்குகளைத் திறக்கும்போதே மகமைக்கும் தனியாக ஒன்று திறந்துவிடுங்கள். கோயிலுக்கு ஒதுக்கிய பணம் கல்லாவில் கிடந்தாலும் அது கடை வருமானம் ஆகாது, தரவேண்டிய பாக்கி. ஒவ்வொரு பங்குதாரருக்கும் சொந்தச் செலவுக் கணக்கு ஒன்று வேண்டும். வீட்டு மளிகைக்கும் கல்யாண மொய்க்கும் பெட்டியடியிலிருந்து எடுக்கும் பணம் "இதர செலவு" என்று போவதை இத்தோடு நிறுத்தலாம்.

கணக்குப்பிள்ளை அண்ணன் சொல்வதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 28 வருடம் எழுதியவரைக் கூட்டி உட்காரவைத்து, இருபத்திரண்டு வயதுப் பையன் எதிரில், "இந்த பட்டனை அமுக்குங்க ஐயா" என்று டீலர் ஆள் பாடம் நடத்தினால் அவர் எப்படி ஒத்துழைப்பார்? தட்டச்சு வேலையை இளையவரிடம் கொடுங்கள். அண்ணனை ஒப்படைப்பவராகவும் சரிபார்ப்பவராகவும் வையுங்கள். ஒவ்வொரு பார்ட்டியின் தொடக்க இருப்புத் தாளிலும் அவர் கையெழுத்து இல்லாமல் ஏற்றக்கூடாது என்று மாமனார் வாயாலேயே சொல்ல வையுங்கள். எந்தப் பாக்கி உண்மை, எது வாய்க்கணக்கில் தீர்ந்துபோனது, யாருக்குத் தள்ளுபடி சொல்லி எழுதாமல் விட்டார்கள் என்பதெல்லாம் எந்த டேட்டாவிலும் இல்லை, அவரிடம்தான் இருக்கிறது. அவருக்குத் தனியாகப் பயிற்சி வேண்டுமென்றால் கடை மூடியபின் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள் என்று ஒரு வார்த்தையும் மாமனாரிடமிருந்து வரட்டும், அவர் பயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். இப்போது எல்லாரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைகிறீர்கள் என்றே நினைக்கிறேன். யார் எந்தப் பதிவை எப்போது திருத்தினார் என்று காட்டும் எடிட் லாக், கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். உங்களைப் போன்ற கூட்டு நிறுவனத்துக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் முதல் நாளிலிருந்தே அது இருக்கட்டும். ரொக்கம் மைனஸில் போனால் எச்சரிக்கும் வசதியையும் போட்டுவிடுங்கள். முதல் வாரத்தில் அந்த எச்சரிக்கை அடிக்கடி வரும், அதைப் பார்த்து யாராவது அணைத்துவைக்கச் சொன்னால் அணைக்க வேண்டாம்.

ஏப்ரலில் எல்லா இருப்பையும் ஏற்றியபின் டேலியின் ஐந்தொகையில் "தொடக்க இருப்பில் வித்தியாசம்" என்று ஒரு தொகை நிற்கும். பயப்பட வேண்டாம். தேய்மானமும் சரக்கு மதிப்பும் தணிக்கை முடிந்த பிறகுதான் உறுதியாகும். ஆனால் ரொக்கம், வங்கி, பார்ட்டி பாக்கி, ஜி.எஸ்.டி. கிரெடிட் இவற்றில் ஒரு ரூபாய் வித்தியாசம்கூட ஏப்ரல் கடைசிக்குள் தீர்ந்திருக்க வேண்டும். கிரெடிட்டுக்கு உங்கள் புத்தகத்தை நம்பாதீர்கள். மார்ச் மாத 3பி-யை (மாத வரியைக் கட்டும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்) ஏப்ரல் 20-க்குள் தாக்கல் செய்தபின் போர்ட்டலின் கிரெடிட் பேரேட்டில் நிற்கும் தொகையை எடுத்து, புத்தகத்தை அதோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசத்தை ஒரு சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளி ஐந்தொகையைச் சமன் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய கம்ப்யூட்டருக்கு வருவோம். ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2025-26 ஆண்டுக்கு ரிட்டர்ன் கெடு 2026 டிசம்பர் 31, ஆகவே 2032 டிசம்பர் 31 வரை. அதற்குள் மேல்முறையீடு ஏதாவது நடந்தால் இன்னும் நீளும். அந்தக் கம்ப்யூட்டர் அதுவரை உயிரோடு இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு ஆண்டின் நாள்வழி, பேரேடு, சரக்குக் கணக்கு, ஐந்தொகை எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக எடுத்து இரண்டு வன்தட்டில் போட்டு, ஒன்றை வீட்டு இரும்புப் பெட்டியிலும் ஒன்றை ஆடிட்டரிடமும் வையுங்கள். அந்தச் சாஃப்ட்வேரில் பி.டி.எஃப். வராது, பிரிண்டருக்குத்தான் போகும் என்றால், பி.டி.எஃப். பிரிண்டர் ஒன்றை நிறுவிப் பார்க்கச் சொல்லுங்கள். பல பழைய சாஃப்ட்வேர்கள் அதற்கு ஒத்துவரும். இயங்கும் நிலையிலேயே முழு வன்தட்டின் நகலையும் எடுத்துவைத்தால் பின்னாளில் வேறு கம்ப்யூட்டருக்குள் அதைத் திறந்து பார்க்க வழியிருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் அந்தத் தம்பியிடம் கடவுச்சொற்களை இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 1 தவறிப்போனால் வருத்தப்பட வேண்டாம். ஜூலை 1-லும் மாறலாம். லாப நஷ்டக் கணக்கில் மூன்று மாதத் தொகைகளையும் சேர்த்து ஏற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

டீலரிடம் பேசும்போது பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். உரிமத்துக்கான தொகை முதலில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அமைத்துக் கொடுக்கும் கூலியில் பாதியை ஜனவரி ஒத்திகை ஒத்துப்போன பிறகு கொடுங்கள். மீதிப் பாதி, ஏப்ரல் மாத ஜி.எஸ்.டி.ஆர்-1 மே 11-க்குள்ளும் 3பி மே 20-க்குள்ளும் புது மென்பொருளிலிருந்தே தாக்கலான பிறகுதான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத டீலர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள், காரைக்குடியில் ஆளுக்குப் பஞ்சமில்லை.